ஒரே படம், ஒவ்வாத கருத்துகள்: திரையரங்கில் பார்த்ததும் வீட்டில் பார்த்ததும் ஒன்றுதானா?

ஒரு பெரிய தமிழ்ப் படம் வெளியாகும் வாரத்தில் சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு கருத்து கிடைக்கும். நான்கைந்து வாரம் கழித்து அதே படம் வீட்டுத் திரைக்கு வந்ததும் அடுத்த சுற்று தொடங்கும். இரண்டு சுற்றும் ஒத்துப்போவது அரிது. "இடைவேளைக்குப் பிறகு ஒரே இழுவை" என்கிறார் திரையரங்கில் பார்த்தவர். "எங்கே இழுவை? விறுவிறுவென்று போனதே" என்கிறார் வீட்டில் பார்த்தவர். அதற்குள் மூன்றாமவர், தொலைக்காட்சியில் பார்த்தவர், "அந்தச் சண்டைக் காட்சியா? அப்படி ஒன்று வரவே இல்லையே" என்று சேர்ந்துகொள்கிறார்.

ஆளுக்கொரு ரசனை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ரசனை வேலை செய்யத் தொடங்கும் முன்பே படம் மாறிவிடும் இடங்கள் பல இருக்கின்றன. வயதுத் தரம், வெட்டு, ஒலி, திரை, பார்த்த நாள் என ஒவ்வொன்றும் கருத்தைத் திருப்புகிறது. கருத்துச் சொல்பவரும் கேட்பவரும் இதைக் கணக்கில் எடுக்காததால்தான் பாதிச் சண்டை.

வயதுத் தரம்: அறிவுரை எது, சட்டம் எது

சிங்கப்பூரில் திரையிடப்படும் படங்களுக்குத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் தரம் வழங்குகிறது. 1991க்கு முன் இங்கு வயதுவாரி வகைப்பாடு கிடையாது. ஒரு படம் எல்லாருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு, அல்லது தடை. இப்போது ஆறு படிகள் உள்ளன. அவற்றை இரண்டு கூறாகப் பிரித்துப் புரிந்துகொள்வது எளிது.

1. ஜி, பிஜி, பிஜி13. இவை அறிவுரைகள். யாரையும் வாசலில் தடுக்க மாட்டார்கள். இவற்றுள் பிஜி13 2011இல் சேர்க்கப்பட்டது. 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும்.

2. என்சி16, எம்18, ஆர்21. இவை கட்டாயம். 16, 18, 21 வயது நிரம்பாதவருக்கு அனுமதி இல்லை. பெற்றோர் கையைப் பிடித்து அழைத்து வந்தாலும் இல்லை.

குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. இந்தியாவின் திரைப்படச் சான்றிதழ் வாரியம் யு, யு/ஏ, ஏ என்று சான்றளிக்கிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரிந்தது. ஆனால் யு/ஏ 16+ என்பது அங்கே பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. பிள்ளை உள்ளே போகலாம். கதவை மூடுவது ஏ சான்றிதழ்தான், அதுவும் 18 வயதில். சென்னையில் உறவினர் வீட்டுப் பிள்ளை பார்த்துவிட்ட படத்தை இங்குள்ள அதே வயதுப் பிள்ளை பார்க்க முடியாமல் போவதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

சான்றிதழ் எவ்வளவு பெரிய வணிகப் பிரச்சினை என்பதற்கு 2025 ஆகஸ்டில் வெளியான 'கூலி' ஓர் எடுத்துக்காட்டு. அதற்கு இந்தியாவில் ஏ சான்றிதழ் கிடைத்தது. யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது, மனு தள்ளுபடியானது. ஏ என்றால் பள்ளிப் பிள்ளைகள் மட்டுமா குறைகிறார்கள்? அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத பெற்றோரும் குறைகிறார்கள்.

சிங்கப்பூரிலும் இதே கணக்குதான். படத்தைத் தருவிக்கும் விநியோகஸ்தருக்கு இரண்டு வழிகள் உண்டு. முழுப் படத்தையும் காட்டி உயர்ந்த வயதுத் தரத்தை ஏற்கலாம். அல்லது சில காட்சிகளைத் தாமே குறைத்துக்கொண்டு தாழ்ந்த தரத்தைக் கேட்கலாம். தமிழ்ப் படத்துக்கு இரண்டாவது வழியின் ஈர்ப்பு பெரிது. முதல் வார இறுதியில் வருவது குடும்பக் கூட்டம். படம் என்சி16 ஆகிவிட்டால் 14 வயது மகன் டிக்கெட் பரிசோதனையில் நின்றுவிடுவான். அவனோடு அம்மா நிற்பார். நான்கு டிக்கெட் இரண்டாகும், அல்லது ஒன்றுமில்லாமல் போகும்.

குறைக்கப்படுவது பெரும்பாலும் சில விநாடிகள்தான்: கத்தி இறங்கும் நெருக்கக் காட்சி, ரத்தம், ஒரு வசைச்சொல். கதை கெடாது என்பார்கள். பல நேரம் உண்மை. ஆனால் இன்றைய வன்முறைப் படங்களில் நாயகனின் கோபத்துக்கான காரணத்தையே ஒரு கொடூரக் காட்சியில்தான் வைக்கிறார்கள். அது தேய்ந்து போனால், அடுத்த ஒரு மணி நேரம் அவன் ஏன் இப்படிக் கத்துகிறான் என்றுதான் பார்வையாளருக்குத் தோன்றும். பிறகு அவர் வெளியே வந்து 'நடிப்பு மிகை' என்று தீர்ப்பளிப்பார். பழி நடிகர்மேல் விழும்.

வீட்டுக்கு வருவது எந்தப் பிரதி?

இந்தியச் சான்றிதழ் வாரியத்தின் அதிகாரம் அந்நாட்டுப் பொதுத் திரையிடலோடு முடிகிறது. இணையவழித் தளங்கள் அங்கே 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தாமே வயதுத் தரம் இட்டுக்கொள்கின்றன. அதனால் திரையரங்கில் ஒலி அடைக்கப்பட்ட வசனம் தளத்தில் முழுதாகக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம், எந்தப் பிரதியை விற்றார்கள் என்பதைப் பொறுத்தது அது. தொலைக்காட்சிக்கு விதி நேர்மாறு. இந்தியாவில் ஏ சான்றிதழ்ப் படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது. மேலும் வெட்டி, யு அல்லது யு/ஏ வாங்கியாக வேண்டும்.

சிங்கப்பூரிலும் இப்படி அடுக்கு உண்டு. இலவசத் தொலைக்காட்சியின் உச்ச வரம்பு பிஜி13. ஆகவே இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தத்தில் ஒளியேறும் படம் அந்த வரம்புக்குள் வந்தாக வேண்டும். இணையவழித் தளங்களோ, கடவு எண் பூட்டோடு ஆர்21 வரைகூடத் தரலாம். ஒரே படத்தைத் திரையரங்கில் பார்த்தவர், தளத்தில் பார்த்தவர், வசந்தத்தில் பார்த்தவர் ஆகிய மூவர் மூன்று பிரதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

நான்காவது பிரதி ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. திருட்டுத்தனமாகக் கேமராவில் எடுத்து, வெளியான இரண்டாம் நாளே, தொலைக்காட்சியோடு இணைக்கும் இணையப் 'பெட்டி'களில் சுற்றும் பிரதி. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இத்தகைய பெட்டிகளை விற்பவர்களைப் பொறுப்பாளிகளாக்கிவிட்டது. சட்டம் இருக்கட்டும். மங்கிய ஒளியில், பக்கத்து இருக்கைக்காரரின் இருமலோடு பார்த்துவிட்டு 'ஒளிப்பதிவு சுமார்' என்று சொல்பவரின் கருத்துக்கு என்ன மதிப்பு?

வெளியான பிறகும் சுருங்கும் படம்

முன்பெல்லாம் பிலிம் பெட்டி வந்துவிட்டால் படம் அதுதான். இப்போது வருவது டிசிபி எனப்படும் மின்னணுப் பிரதி. அதற்குள் படத்துண்டுகளும் ஒலித்துண்டுகளும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியலும் உடன் இருக்கும். எல்லாம் பூட்டப்பட்டிருக்கும். குறிப்பிட்ட திரையரங்கின் குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் மின்னணுச் சாவியைத் தனியே அனுப்புவார்கள்.

இந்த ஏற்பாட்டில், வெளியான படத்தைக் குறைப்பது எளிதாகிவிட்டது. முழுப் படத்தையும் மறுபடி அனுப்ப வேண்டாம். 'இந்தக் காட்சியைத் தாண்டிப் போ' என்று சொல்லும் புதிய பட்டியலும் அதற்கான சாவியும் போதும். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2', நவம்பரில் வந்த 'கங்குவா' ஆகிய இரண்டும் வெளியான சில நாள்களில் ஏறத்தாழ 12 நிமிடம் குறைக்கப்பட்டன. நீளம் பற்றிய புகார்களே காரணம். இப்படிக் குறைத்தால் இந்தியாவில் சான்றிதழ் வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதன் விளைவு வேடிக்கையானது. முதல் நாள் பார்த்தவர் 'நீளம்' என்றார். அதைக் கேட்டுப் படத்தைக் குறைத்தார்கள். இரண்டாம் வாரம் பார்த்தவர் 'நீளமாகத் தெரியவில்லையே' என்கிறார். இருவருமே சரி. முதலாமவரின் கருத்து பலித்ததால்தான் அது பொய்யானதுபோல் தெரிகிறது.

ஒலி: யாரும் கவனிக்காத பெரிய வேறுபாடு

திரையரங்குக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு என்றால் எல்லாரும் திரையின் அளவைத்தான் சொல்வார்கள். என் கணிப்பில் கருத்தை அதிகம் புரட்டிப் போடுவது ஒலி.

ஒரு படத்தின் ஒலிக்கலவை திரையரங்கை மனத்தில் வைத்துச் செய்யப்படுகிறது. கலவை அரங்கில் ஒலிக்கருவியின் அளவுகோல் 7 என்ற எண்ணில் நிறுத்தப்பட்டிருக்கும். திரையரங்கிலும் அதே 7இல் ஓட்டினால்தான் கலவையாளர் கேட்டதை நாம் கேட்கிறோம் என்று பொருள். நடைமுறையில் பல அரங்குகள் 5க்கோ அதற்கும் கீழோ இறக்கி ஓட்டுகின்றன. காதைக் கிழிக்கும் விளம்பரங்களும் முன்னோட்டங்களும் வந்து, பார்வையாளர் புகார் செய்து, அளவைக் குறைத்து, அப்படியே விட்டுவிடுவது வழக்கம். டால்பி கருவிகளில் 4க்கு மேல் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 3.3 டெசிபல். இரண்டு புள்ளி இறக்கினால் சுமார் 6.7 டெசிபல் போய்விடும். 'கங்குவா' வந்தபோது இரைச்சல் தாங்கவில்லை என்ற புகார் வலுத்ததும், ஒலியை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டுமாறு தயாரிப்பாளர் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது இந்த அளவுகோலின்படிதான். ஆகவே அந்தப் படத்தை முதல் காட்சியில் கேட்டவர் காதும் மூன்றாம் நாள் கேட்டவர் காதும் ஒரே சாட்சி சொல்லாது.

வீட்டில் கதை வேறு. திரையரங்கில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் உள்ள ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. இசை இடமும் வலமும், மோதல் ஓசைகள் சுற்றிலும். வீட்டுத் தொலைக்காட்சியில் இருப்பதோ இரண்டே சிறு ஒலிபெருக்கிகள், அதுவும் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்தபடி. ஆறு தடங்களில் இருந்ததை இரண்டில் திணிக்கும்போது வசனமும் இசையும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்தரைக்குப் பார்ப்பவர், பக்கத்து வீட்டை நினைத்து ஒலியைக் குறைக்கிறார், வசனம் காணாமல் போகிறது, கூட்டுகிறார், அடுத்த நொடி குண்டு வெடிக்கிறது, மீண்டும் குறைக்கிறார். படம் முழுக்கத் தொலையியக்கி கையிலேயே இருக்கும். இப்படிப் பார்த்தவர் 'வசனம் தெளிவில்லை, பின்னணி இசை இரைச்சல்' என்றால் அது அவர் வீட்டுக்கு முழு உண்மை. இசையமைப்பாளருக்கு எதிரான சாட்சியமாக அதை ஏற்க முடியாது.

தீர்வு சிறியது. பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இரவுநேர ஒலி, தெளிவான குரல் போன்ற அமைப்புகள் இருக்கும். அவை உரத்த ஓசைக்கும் மெல்லிய ஓசைக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குகின்றன. தளத்தில் 5.1 எனப்படும் ஆறு தட ஒலி தேர்வாகியிருந்தால் இரு தட ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

திரை, வேகம்

இது சுருக்கமான விஷயம். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் ஓடுகிறது. புதிய தொலைக்காட்சிகள் பல, அசைவை மழமழப்பாக்குகிறோம் என்று நடுவில் தாமே சட்டகங்களைச் செருகுகின்றன. விளைவாக, கோடிகள் கொட்டி எடுத்த படம் பிற்பகல் தொடர்போல் தெரியும். அந்த அமைப்பை அணைத்துவிடலாம். சில தொலைக்காட்சிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்று 2020 முதல் வருகிறது, அதைத் தேர்ந்தாலே போதும். இன்னொன்று: நொடிக்கு 25 சட்டகம் என்ற ஒளிபரப்பு முறைக்காக 24 சட்டகப் படத்தை வேகமாக ஓட்டும் வழக்கம் உண்டு. அப்படி ஓட்டினால் 160 நிமிடப் படம் ஒரு காட்சிகூட வெட்டாமல் 153 நிமிடம் சொச்சத்தில் முடியும். எந்தக் காட்சி போயிற்று என்று தேட வேண்டாம்.

எண்களைப் படிப்பது எப்படி

கருத்து கேட்க ஆளில்லாதபோது எண்ணைப் பார்க்கிறோம். எண்களுக்குள்ளும் குழி இருக்கிறது.

1. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 விழுக்காடு என்றால் படத்துக்கு 90 மதிப்பெண் என்று பொருளில்லை. நூறு விமர்சகரில் 90 பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்றே பொருள். நூறு பேரும் பத்துக்கு ஆறு கொடுத்திருந்தால் அங்கே 100 விழுக்காடு வந்து நிற்கும். எல்லாருக்கும் சுமாராகப் பிடித்த படம் மகத்தான படம்போல் தோன்றும். பாதிப் பேர் கொண்டாடி, மீதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் தோற்றதுபோல் தோன்றும்.

2. ஐஎம்டிபி எண் சாதாரண வாக்காளர்களின் ஒன்று முதல் பத்து வரையிலான வாக்குகளிலிருந்து வருகிறது. அதுவும் நேர் சராசரி அல்ல, தளம் தன் முறைப்படி எடையிட்டுக் கணக்கிடுவது. தமிழ்ப் படங்களுக்கு முதல் நாள் வாக்குகளில் பத்தும் ஒன்றும்தான் குவியும். ரசிகர் மன்றங்களின் போர்க்களம் அது. ஒரு வாரமாவது போகட்டும்.

வாக்குகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், தேர்தல் முடிவை முதல் சுற்றிலேயே அறிவிப்பவர்.

எப்போது பார்த்தோம் என்பது

கொவிட் காலத்தில் 2020இல் சில தமிழ்ப் படங்கள் திரையரங்கைத் தொடாமல் நேரே இணையத்தில் வந்தன. 2021 ஜனவரி 13இல் திரையரங்கில் வெளியான 'மாஸ்டர்' 29ஆம் தேதியே தளத்துக்கு வந்துவிட்டது: 16 நாள். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தார்கள். அதன் பின்னர் தமிழ்ப் படங்களுக்கு ஏறத்தாழ நான்கு வார இடைவெளி வழக்கமாகியிருக்கிறது. இந்திப் படங்களுக்கு இந்தியாவின் பெரிய திரையரங்கு நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன.

நான்கு வாரம் என்பது சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றுக்கு மிகவும் குறுகிய பொறுமை. நான்கு டிக்கெட், சோளப்பொரி, சாப்பாடு என்று போட்டுப் பார்த்துவிட்டு 'வீட்டுக்கு வரட்டும்' என்று முடிவெடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கேத்தே திரையரங்குகள் 2025இல் மொத்தமாக மூடப்பட்டது இந்தச் சூழலில்தான். வாடகை, கடன் என்று வேறு காரணங்களும் இருந்தன. முடிவில், முதல் வாரக் கருத்து தீவிர ரசிகர்களிடமிருந்தும், ஐந்தாம் வாரக் கருத்து காத்திருந்தவர்களிடமிருந்தும் வருகிறது. முதல் கூட்டம் கொண்டாட வந்தது. இரண்டாம் கூட்டம், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தபடி, இரண்டு இரவாகப் பிரித்துப் பார்த்தது. ஓர் இடைவேளைத் திருப்பத்துக்கு அரங்கமே எழுந்து கைதட்டியபோது கிடைத்த சிலிர்ப்பு, நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடப் போனவருக்குக் கிடைக்காது. ஆனால் திரைக்கதையின் ஓட்டைகளைக் காண அவருக்குத்தான் வசதி. உண்மையில் எழுத்தைப் பற்றி வீட்டுப் பார்வையாளர் சொல்வதை நான் அதிகம் நம்புவேன். ஒலி, ஒளிப்பதிவு பற்றித் திரையரங்குப் பார்வையாளர் சொல்வதை.

ஆகவே ஒரு படத்தைப் பற்றிச் சொல்லும்போது, எங்கே பார்த்தோம், வெளியான எத்தனையாவது நாள், எத்தனை நிமிடப் பிரதி, ஒரே மூச்சில் பார்த்தோமா என்பதை ஒரே வரியில் சேர்த்துவிட்டால் கேட்பவருக்குப் பெரிய உதவி. கிளைமாக்ஸைச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி. அதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்று நாள் வாய்ப்பூட்டு?

2024இன் பெரிய படங்கள் சில அடுத்தடுத்துச் சறுக்கியதும், தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்கள் பழியை விமர்சனத்தின்மேல் போட்டார்கள். திரையரங்கு வளாகத்தில் யூடியூபர்கள் 'பொதுமக்கள் கருத்து' எடுப்பதைத் தடுக்கக் கோரினார்கள். படம் வெளியாகி முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்குத் தடை கேட்டு ஒரு தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்பதே காரணம்.

சிங்கப்பூரில் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல யாரும் மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை. காப்புரிமைச் சட்டமும் விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை, உரியவரைக் குறிப்பிட்டு, நியாயமான அளவில் பயன்படுத்துவதற்கு இடம் தருகிறது. இருட்டில் கைப்பேசியை உயர்த்தி நாயகன் அறிமுகக் காட்சியைப் பதிவு செய்து பரப்புவதை அந்த இடத்துக்குள் நுழைப்பது கடினம். திரையரங்கின் விதியே அதை அனுமதிப்பதில்லை.

தடை கேட்டவர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று நேர வேறுபாடு. சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு அனுமதிக்கும் சிறப்புக் காட்சிகூட அண்மை ஆண்டுகளில் காலை 9 மணிக்குத்தான் தொடங்குகிறது. அது இங்கே 11.30. இங்கே காலை 8 மணிக் காட்சிக்குப் போன ஒருவர் 10.45க்கு வெளியே வந்து தம் கருத்தை எழுதி முடிக்கும்போது, சென்னையில் ரசிகர்கள் இன்னும் கட்அவுட்டுக்குப் பாலூற்றிக்கொண்டிருப்பார்கள்.